‘போ’ என்றால் போக வேண்டும்: கோப்புறைத் தாவலுக்கு ஒரு கைவேலை

எங்கள் அலுவலகத்தில் வேலை செய்வதைவிட வேலை இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேருவதுதான் பெரும்பாடு. பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வருவதைச் சொல்லவில்லை. கேஎல் சென்ட்ரல் பக்கத்திலேயே இருக்கிறது, ரயிலோ மோனோரெயிலோ ஏறி வந்துவிடலாம். நான் சொல்வது கணினிக்குள் இருக்கும் கோப்புறைகளை.

கும்பாபிஷேக மலர், தமிழ்ப்பள்ளி ஆண்டிதழ், சங்கங்களின் பொன்விழா மலர், கல்யாணப் பத்திரிகை. இவற்றை வடிவமைத்து அச்சுக்கு அனுப்புவதுதான் எங்கள் பிழைப்பு. வடிவமைப்பெல்லாம் மெக்கில். கோப்புகள் மொத்தமும் மூலையில் இருக்கும் ஒரு டெபியன் லினக்ஸ் கணினியில். படங்களின் அளவைக் குறைப்பது, பிடிஎஃப்களை ஒட்டுவது, ஒரே அடியில் நூறு கோப்புகளுக்குப் பெயர் மாற்றுவது, காப்பு எடுப்பது எல்லாம் என் தலையில். அதையெல்லாம் டெர்மினலில்தான், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்து வேலை வாங்கும் சாளரத்தில்தான், செய்கிறேன். கோப்புறைகளுக்குத் தமிழில்தான் பெயர். எனவே ஒரு சாதாரணப் பாதை இப்படி இருக்கும்:

/வேலை/2024/கோயில் மலர்கள்/செந்தூல்/படங்கள்/திருத்தியவை

இங்கே நாலு படத்தைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது பள்ளி இதழ்க்காரர் தொலைபேசியில் வருவார். தலைமையாசிரியர் வாழ்த்துரையில் ஒரு வரி மாற வேண்டும். உடனே அந்தப் பக்கம் ஓட வேண்டும், முடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். கோப்புறை மாறும் சிடி கட்டளையோடு ஒரு கழித்தல் குறி போட்டால் முன்பு இருந்த இடத்துக்குத் திரும்பலாம்தான். ஆனால் அது ஒரே ஒரு இடத்தைத்தான் நினைவில் வைத்திருக்கும். மூன்றாவது ஆள் கூப்பிட்டால் கதை முடிந்தது. இடங்களை அடுக்கி வைத்துத் திரும்ப எடுக்கும் புஷ்டி, பாப்டி இரண்டும் சி ஷெல் காலத்திலிருந்தே இருப்பவை, நான் பயன்படுத்தும் பாஷ் ஷெல்லிலும் உண்டு (ஷெல் என்பது நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி ஓட்டும் நிரல்). ஆனால் அடுக்கில் எது மேலே இருக்கிறது, எது கீழே என்று நான் நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். சிடிபாத் என்ற மாறியில் அடிக்கடி போகும் தாய்க் கோப்புறைகளைக் கொடுத்து வைத்தால், எங்கிருந்து வேண்டுமானாலும் அவற்றின் உள்ளே இருப்பதன் பெயரை மட்டும் சொல்லிப் போகலாம். நல்ல வசதி. அதை எக்ஸ்போர்ட் செய்யக் கூடாது, அதாவது ஷெல்லிலிருந்து கிளம்பும் மற்ற நிரல்களுக்குக் கொடுக்கக் கூடாது. செய்தால் சிடி போடும் மற்ற ஸ்கிரிப்டுகள் (கோப்பில் எழுதி வைத்த கட்டளைத் தொகுப்புகள்) எதிர்பாராத இடத்துக்குப் போய் நிற்கும். எங்களுக்கு அது ஒத்துவரவில்லை. எல்லா ஆண்டின் உள்ளேயும் ‘படங்கள்’ இருக்கிறது, எல்லா வேலையின் உள்ளேயும் ‘இறுதி’ இருக்கிறது.

இன்னொரு வகைக் கருவிகள் உண்டு. ஆட்டோஜம்ப், இசட், ஸாக்சைடு போன்றவை. நாம் போகும் இடங்களையெல்லாம் பின்னாலிருந்து குறித்து வைத்துக்கொண்டு, எவ்வளவு அடிக்கடி போனோம், எவ்வளவு அண்மையில் போனோம் என்று மதிப்பெண் போடும். பெயரில் ஒரு துண்டைச் சொன்னால் அதிக மதிப்பெண் உள்ள இடத்துக்குக் கொண்டுபோகும். நிரல் எழுதுகிறவர்களுக்கு இது வரப்பிரசாதம். எங்களைப் போல ஆண்டுதோறும் அதே பெயரில் அதே வேலையைச் செய்கிறவர்களுக்கு வினை. ஜனவரியில் தைப்பூச வேலை தொடங்கும்போது போன ஆண்டுக் கோப்புறைக்கு மதிப்பெண் மலைபோல் குவிந்திருக்கும், புதியதற்கு ஒன்றுமே இருக்காது. ‘மலர்’ என்று சொன்னால் பழையதில் கொண்டுபோய் விடும். இரண்டுக்கும் பார்வையில் வித்தியாசமும் தெரியாது: அதே கோபுரம், அதே நிர்வாகக் குழுப் படம். தலைவர் மாறியிருப்பார், அவ்வளவுதான். கருவி ஊகிக்க வேண்டாம், நான் வைத்த பெயருக்கு நான் சொன்ன இடம், அது போதும் என்று முடிவு செய்தேன். அப்படி ஒன்றை எழுத ஒரு பக்க நிரல்கூடத் தேவையில்லை.

அடிப்படை யோசனை இதுதான். வீட்டுக் கோப்புறையில் ‘.குறிகள்’ என்று ஒரு கோப்புறை. முன்னால் புள்ளி இருப்பதால் சாதாரணமாகக் கண்ணில் படாது. பிடித்த இடம் ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு சிம்லிங்க், அதாவது வேறோர் இடத்தைக் காட்டும் இணைப்பு. தனித் தரவுக் கோப்பு கிடையாது, வடிவம் கிடையாது. எதுவும் கெட்டுப்போனால் பட்டியல் காட்டும் எல்எஸ் கட்டளையைப் போட்டுக் கண்ணால் பார்த்துக் கையால் திருத்தலாம். கட்டளைகள் நான்கு:

குறி மலர்
போ மலர்
குறிகள்
குறிநீக்கு மலர்

முதலாவது, இப்போது நிற்கும் இடத்துக்கு ‘மலர்’ என்று பெயர் வைக்கிறது. இரண்டாவது அங்கே தாவுகிறது. மற்ற இரண்டையும் விளக்க வேண்டியதில்லை.

ஆமாம், கட்டளைப் பெயரே தமிழில். அலங்காரத்துக்காகச் செய்ததில்லை. குறிகளின் பெயர் தமிழில் இருக்கும்போது கட்டளை மட்டும் ஆங்கிலத்தில் இருந்தால், ஒரு வரிக்குள்ளேயே விசைப்பலகையை இரண்டு தடவை மாற்ற வேண்டும். முழு வரியும் தமிழில் இருந்தால் ஒரே ஓட்டம். பாஷில் ஃபங்ஷன் (நாமே எழுதிச் சேர்க்கும் கட்டளை) பெயர் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. யூனிகோட் எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் சேமித்த கோப்பில் ‘போ’ என்று எழுதினால் எடுத்துக்கொள்கிறது. மாறிகளுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது, அவற்றுக்கு ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான். பாஷைப் போசிக்ஸ் என்ற பொதுத் தரத்தை ஒட்டிய முறையில் ஓட்டினாலும், டெபியனின் எளிய ஷெல்லான டாஷில் ஓட்டினாலும் தமிழ்ப் பெயரை ஏற்காது. தினசரிப் பயன்பாட்டில் இது ஒரு தடையாக இல்லை. தட்டச்சுக்கு நான், ஒலிப்பை ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழ் வரும் அஞ்சல் முறை. கோலாலம்பூரில் வேறென்ன கேட்க வேண்டும்? முத்து நெடுமாறன் 1985இல் இங்கேதான் முரசு அஞ்சலைத் தொடங்கினார். மெக்கில் அஞ்சலும் தமிழ்99உம் உள்ளேயே வருகின்றன. லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி வழியாகப் போட்டுக்கொள்ளலாம்.

இதை ஏன் தனி ஸ்கிரிப்டாக எழுதாமல் ஃபங்ஷனாக எழுத வேண்டும்? யூனிக்ஸில் ஒவ்வொரு செயல்முறைக்கும் ‘நான் இப்போது நிற்கும் இடம்’ என்று தனியாக ஒன்று உண்டு. ஸ்கிரிப்டை ஓட்டினால் ஷெல் ஒரு பிள்ளைச் செயல்முறையைக் கிளப்புகிறது. அந்தப் பிள்ளை எங்கே வேண்டுமானாலும் போகட்டும். வேலை முடிந்து அது மறைந்ததும் தாய் ஷெல் நின்ற இடத்திலேயே நிற்கும். யூனிக்ஸைக் கட்டியவர்களையே இது ஒருமுறை குழப்பியிருக்கிறது. பிடிபி-7 கணினியில் பிள்ளைச் செயல்முறையைப் பிறப்பிக்கும் ஃபோர்க்கைக் கொண்டுவந்த கையோடு, இடம் மாற்றும் கட்டளை வேலை செய்யவில்லை என்று கண்டார்கள். நிரலைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்தும் தவறு பிடிபடவில்லை. கடைசியில்தான் புரிந்தது: கட்டளை சரியாகத்தான் வேலை செய்தது, தனக்காகப் பிறந்த பிள்ளையின் இடத்தை மாற்றிவிட்டு அந்தப் பிள்ளையோடு போய்ச் சேர்ந்தது. அதனால் அதை ஷெல்லுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி இதைப் பின்னாளில் எழுதியிருக்கிறார். அன்றிலிருந்து சிடி ஷெல்லின் சொந்த உறுப்பு, நம் ‘போ’வும் ஷெல்லுக்குள்ளேயே இருந்தாக வேண்டும். நான்கு ஃபங்ஷன்களையும் ஒரு கோப்பில் எழுதி, ஷெல் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பிலிருந்து அதைச் சோர்ஸ் செய்துவிட்டேன், அதாவது அதே ஷெல்லுக்குள் படிக்க வைத்துவிட்டேன்.

இனி உள்ளே. ‘குறி’ செய்வது இணைப்பு உருவாக்கும் எல்என் கட்டளையைக் கூப்பிடுவதுதான், ஆனால் எஸ், எஃப், என் மூன்று கொடிகளும் (கட்டளையோடு சேர்க்கும் விருப்பங்கள்) வேண்டும். எஸ் சிம்லிங்க்குக்கு. எஃப் ஏற்கெனவே இருப்பதை மாற்றி எழுத. மூன்றாவதான ‘என்’ கொடியை விட்டால் வேடிக்கை பார்க்கலாம். ‘மலர்’ என்ற குறி ஏற்கெனவே ஒரு கோப்புறையைக் காட்டிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். அதை இன்னோர் இடத்துக்கு மாற்றச் சொன்னால், எல்என் அந்த இணைப்பின் வழியே உள்ளே நுழைந்து, பழைய கோப்புறைக்குள் புதிய சிம்லிங்க்கைப் போட்டுவிட்டு வரும். குறி மாறியிருக்காது, வாடிக்கையாளரின் கோப்புறையில் ஒரு குப்பை சேர்ந்திருக்கும். ‘என்’ கொடி, ‘இணைப்பை இணைப்பாகவே பார், உள்ளே போகாதே’ என்கிறது.

‘போ’ செய்வது சிடி, ஆனால் பெரிய எழுத்துப் ‘பி’ கொடியோடு. அது இல்லாவிட்டாலும் போய்ச் சேரலாம். ஆனால் ஷெல், நாம் வந்த வழியையே இடம் என்று நினைத்துக்கொள்ளும். கட்டளை அடிக்கும் இடத்துக்கு முன்னால் தெரியும் ப்ராம்ப்டில் உண்மையான பாதைக்குப் பதில் ‘.குறிகள்/மலர்’ என்று நிற்கும். ஒரு படி மேலே போகச் சொன்னால் ‘கோயில் மலர்கள்’ வராது, குறிகள் கோப்புறைக்கே திரும்பிவிடும். பி கொடி இணைப்பை அவிழ்த்து நிஜ இடத்தில் நிறுத்துகிறது. அதோடு, தாவுவதற்கு முன் அந்த இடம் இருக்கிறதா என்று ஒரு சோதனை, இல்லையென்றால் ‘அப்படி ஒரு குறி இல்லை’ என்று ஒரு வரி.

‘குறி’க்குப் பெயரே கொடுக்காவிட்டால் நிற்கும் கோப்புறையின் பெயரை எடுத்துக்கொள்ளும். பெயரில் இடைவெளி இருந்தால் அடிக்கோடாக மாற்றிவிடும், ஏனென்றால் டேப் விசையைத் தட்டினால் மீதிப் பெயரை ஷெல்லே எழுதும் டேப் நிரப்பலில் இடைவெளி பெரிய தலைவலி. பாதை முழுக்க இடைவெளி இருக்கட்டும், அதைப் பற்றிக் கவலையில்லை. எல்லா மாறியையும் மேற்கோள் குறிக்குள் வைத்துவிட்டால் போதும்.

டேப் நிரப்பல் இல்லாத இந்தக் கருவி பாதிக் கருவிதான். பாஷில் கம்ப்ளீட் கட்டளையால் ‘போ’வுக்கு ஒரு நிரப்பல் ஃபங்ஷனைக் கட்டலாம். அது குறிகள் கோப்புறையில் இருக்கும் பெயர்களைப் பார்த்து, அடித்த வரைக்கும் பொருந்துவதைத் திருப்பித் தரும். தமிழில் இதற்கு ஒரு தனிச் சுகம் உண்டு. ‘க’ என்று அடித்து டேப் தட்டினால் க, கா, கி, கோ என்று ககர வரிசை மொத்தமும் வந்து நிற்கும், ஏனென்றால் யூனிகோடில் அத்தனையும் ‘க’வில்தான் தொடங்குகின்றன. ஒரே எழுத்து, ஒரே டேப், பாதி நேரம் அதுவே போதும். டெர்மினலில் தமிழ் பார்க்க அழகாக இருக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். டெர்மினல் கணக்கு நோட்டுத் தாள் மாதிரி, எல்லாவற்றுக்கும் ஒரே அளவுக் கட்டம். ‘ணை’யும் ‘ர’வும் ஒரே அகலத்தில் அடங்குமா? சிலவற்றில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். பழகிப்போகும்.

சிக்கல் இதற்கு அப்புறம்தான் வந்தது. எங்கள் வடிவமைப்பாளர் அக்காவும் மெக்கிலிருந்து, ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக இதே கணினிக்கு வருவார், இருவருக்கும் ஒரே கணக்கு. (பாதுகாப்பு வல்லுநர்கள் மன்னிக்க.) அவருக்கும் இந்தக் கட்டளைகள் பிடித்துப்போய், பழைய வேலைகளுக்கும் குறி வைத்துக்கொண்டே போனார். ஒரு நாள் அங்கிருந்தே குரல்:

“தம்பி, கோயில் எங்கடா போச்சு? லிஸ்ட்ல நிக்குது, கூப்பிட்டா வரமாட்டேங்குது!”

போய்ப் பார்த்தேன். குறிகள் என்று அடித்தால் பட்டியலில் ‘கோயில்’ இருக்கிறது. போ கோயில் என்று அடித்தால் அப்படி ஒரு குறி இல்லை என்கிறது. எழுத்துப் பிழையா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாலும் ஒன்றுமில்லை. ‘கோ’ அடித்து டேப் தட்டினால் அசைவில்லை. ‘க’ அடித்துத் தட்டினால் கோயில் வருகிறது. சும்மா ‘கே’ அடித்துத் தட்டிப் பார்த்தேன். கோயில் வந்தது!

கேகாரத்தில் தொடங்கும் கோயில் எந்த ஊரில் இருக்கிறது? அங்கேதான் பிடி கிடைத்தது. யூனிகோடில் ‘ஓ’காரக் குறியை இரண்டு விதமாக எழுதலாம். ஒற்றைக் குறியாக ஒன்று. ஏகாரத்தின் இரட்டைக் கொம்பையும் ஆகாரத்தின் காலையும் அடுத்தடுத்து வைத்து இன்னொன்று. திரையில் இரண்டும் ‘கோ’தான், சேமிப்பில் வேறு வேறு. பெயரைப் பிரிண்ட்எஃப் கட்டளை வழியாக, எண்ணிச் சொல்லும் டபிள்யூசி கட்டளைக்கு அனுப்பிப் பைட்டுகளை எண்ணினேன். விசைப்பலகையில் அடித்த ‘கோயில்’ 18 பைட். பட்டியலில் இருந்த ‘கோயில்’ 21 பைட். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 இல் 3 பைட். கூடுதலாக இருந்த அந்த 3 பைட் பிரிந்து நின்ற கால்.

எங்கிருந்து வந்தது என்று தேடினால், பழைய வெளி வட்டிலிருந்து. மெக் 1998 முதல் பயன்படுத்திய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை, கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமிக்கும். நாம் எப்படி அடித்தாலும் கொம்பையும் காலையும் பிரித்துவிடும். 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும், ஆனால் தேடும்போது இரண்டு வடிவத்தையும் ஒன்றாகவே பாவிக்கும். ஆகவே மெக்கில் உட்கார்ந்திருப்பவருக்கு இப்படி ஒரு பிரிவினை இருப்பதே தெரியாது. லினக்ஸின் இஎக்ஸ்டி4க்கு இந்த இரக்கமெல்லாம் இல்லை. அதற்குப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை. ஒரே கோப்புறைக்குள் இரண்டு ‘கோயில்’ அருகருகே இருந்தாலும் அதற்குச் சம்மதம். அக்கா பெயர் கொடுக்காமல் ‘குறி’ மட்டும் அடித்திருந்தார், அதனால் கோப்புறையின் பிரித்த பெயரே குறிக்கும் வந்துவிட்டது. அதன்பின் ‘கோ’ என்று சேர்த்து அடித்தால் எப்படிப் பொருந்தும்?

கருவிக்குள் இதைச் சரிசெய்வது எளிது. பிரிந்து சேரும் எழுத்துகள் தமிழில் நான்கே நான்கு: உயிரெழுத்து ஔ, அப்புறம் ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஆகியவற்றின் குறிகள். பாஷின் தேடி மாற்றும் வசதியால் நான்கு வரிகள் எழுதி, பிரித்த வடிவம் எங்கே வந்தாலும் சேர்த்த வடிவமாக்கினேன். குறி, போ, நீக்கு மூன்றும் பெயரை முதலில் அந்த நான்கு வரி வழியாக அனுப்பிய பிறகுதான் வேலையைத் தொடங்கும். பைத்தான் நிரல்மொழியில் யூனிகோட் இயல்பாக்கல் (இப்படி இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்குவது) தயாராகவே இருக்கிறது என்பீர்கள். ஒவ்வொரு தாவலுக்கும் பைத்தானை எழுப்புவது எனக்குச் சரிப்படவில்லை. ‘போ’ என்றவுடன் போக வேண்டும்.

கருவி சரியானாலும் கோப்புறைகளின் பெயர்கள் பிரிந்தேதான் கிடந்தன. தேடல், காப்பு எல்லாவற்றிலும் இது பின்னால் கடிக்கும். இதற்கென்றே கன்வ்எம்வி என்று ஒரு கருவி உண்டு. யூடிஎஃப்-8 இலிருந்து யூடிஎஃப்-8 க்கே மாற்று, ஆனால் சேர்த்த வடிவத்தில் என்று சொல்லலாம். அதன் நல்ல குணம், சும்மா ஓட்டினால் எதையும் தொடாது. என்ன செய்யப்போகிறது என்று பட்டியல் மட்டும் காட்டும். ‘நோடெஸ்ட்’ கொடியைச் சேர்த்தால்தான் உண்மையாகப் பெயர் மாற்றும். முதலில் காப்பு, பிறகு பட்டியலை நிதானமாக வாசிப்பது, பிறகுதான் நோடெஸ்ட். இரண்டு வடிவமும் ஒரே இடத்தில் இருந்தவற்றைக் கையால்தான் பார்த்துச் சேர்த்தோம். ஒன்றில் பாதிப் படம், மற்றதில் மீதிப் படம்.

பெயர்கள் மாறியதும் பல குறிகள் செத்துவிட்டன. சிம்லிங்க் ஒரு பாதையை எழுத்தாகத்தான் வைத்திருக்கிறது. பாதையில் ஒரு பைட் மாறினாலும் அது வெற்றிடத்தைக் காட்டும். இப்படிப்பட்டவற்றைத் தேட கோப்பு தேடும் க்னூ ஃபைண்ட் கட்டளையில் ‘எக்ஸ்டைப் எல்’ என்ற நிபந்தனை போதும், உடைந்த இணைப்புகளை மட்டும் பொறுக்கித் தரும். அதைக் ‘குறிகள்’ கட்டளையிலேயே சேர்த்துவிட்டேன். உயிருள்ளவை முதலில், உடைந்தவை கீழே கேள்விக்குறியோடு. தானாக அழிக்கும்படி வைக்கவில்லை. வெளி வட்டைச் செருகாத நேரத்திலும் அதன் குறிகள் உடைந்ததாகத்தான் தெரியும். பாவம், அவை என்ன செய்யும்?

இயல்பாக்கலால் தீராத ஒன்றும் இருக்கிறது. ‘கௌரி’ என்பதைப் பலர் ஒற்றைக் கொம்பு, க, பிறகு ளகர எழுத்து என்று அடிக்கிறார்கள். கண்ணுக்கு ஒன்றுதான். ஆனால் யூனிகோடைப் பொறுத்தவரை அது வேறு சொல், எந்த விதியும் அதைச் சேர்க்காது, சேர்க்கவும் கூடாது. ‘வெள்ளி’யில் வரும் எகரத்தையும் ளகரத்தையும் ஔகாரம் என்று நினைத்துச் சேர்த்துவிட்டால் என்ன ஆகும்! வாடிக்கையாளர் அனுப்பும் கோப்புறைகளில் இது தாராளமாக வருகிறது. கல்யாணப் பத்திரிகைப் பக்கம்தான் அதிகம், மணப்பெண் பெயரில் கோப்புறை வைப்பதால். இப்போதைக்கு, ‘க’ அடித்து டேப் தட்டி இரண்டு கௌரியும் வந்தால் எது நம்முடையது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம்.

அக்காவின் மெக்கிலும் இதைப் போட்டுத் தரச் சொன்னார். 2019இல் வந்த கேட்டலினாவிலிருந்து மெக்கின் இயல்பு ஷெல் இசட்ஷெல். அதில் கோப்புறைகளுக்குப் பெயர் வைக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது: ஹேஷ் கட்டளையை டி கொடியோடு கொடுத்துப் பெயரையும் பாதையையும் சொன்னால், பிறகு ~ குறியோடு அந்தப் பெயரை எங்கே வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், சிடியில் மட்டுமில்லை, கோப்பை நகலெடுக்கும்போதும். அவர் அங்கே அடிக்கடி போவது மூன்று நான்கு இடங்களுக்குத்தான். எனவே அந்த வரிகளை மட்டும் அவருடைய இசட்ஷெல் அமைப்புக் கோப்பில் எழுதிவிட்டு வந்தேன்.

லினக்ஸ் பக்கம், புத்தாண்டு வேலை தொடங்கும்போது புதிய கோப்புறைக்குள் நின்று ‘குறி மலர்’ என்று ஒரு தடவை அடித்தால் பழைய இடம் விடுபட்டுப் புதியதில் நிற்கிறது. பழையதும் வேண்டுமென்றால் அதற்கு முன்பே அங்கே போய் ‘குறி மலர்23’ என்று ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். அதையும் தானாகச் செய்யும்படி எழுதலாமே என்று அக்கா கேட்டார். எழுதவில்லை.